மடிச்சோதனை

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வரும், கரிப்புகையில் ஓடுகிற பஸ் அரிசிச் சோதனைச் சாவடிக்கு முன்னால் வந்து நின்றதும் பெண்கள் எல்லோரும் இறங்கி ஓலைத்தட்டிக்குப் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். ஆண்களை ரோட்டிலேயே நிறுத்தி இரண்டு சேவகர்கள் பார்த்து அனுப்பிவிடுவார்கள். பெண்களைப் பார்க்கப் பகவதி இருந்தாள். இடது கையில், முழங்கைக்கு மேலே, காக்கித் துணிப்பட்டை ஒன்றை ஊக்குக் குத்தி மாட்டியிருப்பாள். அன்றைக்கு ஒன்பது பெண்கள் இறங்கினார்கள். நாலாவதாக நின்ற பேச்சித்தாய் தன் முறை வந்ததும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டாள். வேறு யாரும் அப்படி நிற்பதில்லை.

"தடவு" என்றாள்.

பகவதி அவள் இடுப்புப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். சேலையைத் தொடாமல் ஒரு விரற்கடை தள்ளியே மேலிருந்து கீழே இறக்கி, "போ" என்றாள்.

"நல்லாத் தடவுட்டி. ஒன் பிச்சை எனக்கு வேண்டாம்."

"போன்னு சொல்லுதேன்லா."

"அன்னைக்குக் கை உள்ள வரைக்கும் போச்சே. இன்னைக்கு என்ன, சுடுதோ?"

பின்னால் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. பகவதி கண்ணைத் திருப்பி அடுத்த பெண்ணைப் பார்த்தாள். பேச்சித்தாய் கைகளை இறக்காமலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தட்டியின் மறுமுனைக்குப் போய் மணலில் காறித் துப்பினாள்.

பன்னிரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே உரலில் குத்தியவர்கள். அறுப்பு முடிந்ததும் களத்துமேட்டிலேயே நெல்லை விலைபேசி வாங்கி, ஊறப்போட்டு, அவித்து, காயவைத்து, பேச்சித்தாய் வீட்டு முற்றத்தில் உலக்கையை மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒருத்தி உலக்கை இறங்கும்போது இன்னொருத்தி உலக்கை மேலே இருக்கும். அந்த நேரத்தில் பேச்சு கிடையாது, மூச்சு மட்டும்தான். செவ்வாயும் வெள்ளியும் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போவார்கள். கடற்கரைத் தெருக்களில் சங்கு குளிக்கிறவர்களின் வீடுகளில் இவர்களுடைய அரிசிக்காகவே காத்திருப்பார்கள். மூச்சடக்கி முங்குகிற ஆளுக்குக் கைக்குத்தல் புழுங்கலரிசிச் சோறு இறங்குகிற மாதிரி வேறெதுவும் இறங்காது என்று அந்த வீட்டுப் பெண்கள் சொல்லுவார்கள். பெட்டி காலியாகித் திரும்பும்போது மீன்வாடையோடு வருவார்கள். பகவதிக்கு அந்த வாடை பிடிக்கும்.

உலகச் சண்டை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். சண்டை முடிந்த மறு வருஷம்தான் உத்தரவுகள் இறுகின. வீட்டுக்கும் விதைக்கும் போக மிச்ச நெல்லைச் சர்க்கார் விலைக்கு அளந்துவிட வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் யாரும் நெல்லைக் குத்தி விற்கக்கூடாது. பர்மிட் இல்லாமல் ஒரு படி அரிசிகூட ரேஷன் எல்லையைத் தாண்டக்கூடாது. பகவதியும் பேச்சித்தாயும் லைசென்ஸ் கேட்டு மனு எழுதி, இரண்டு நாள் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தார்கள். குமாஸ்தா மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "லைசென்ஸ் மில்லுக்குத்தான் உண்டு. உலக்கைக்குக் கிடையாது" என்றார். அவர் கேலி செய்யவில்லை. உள்ளபடியேதான் சொன்னார். அந்த வட்டாரத்து லைசென்ஸ் மொத்தமும் வன்னியபெருமாளின் ரைஸ் மில்லுக்குப் போயிருந்தது.

அதற்குப் பிறகும் இரண்டு பேரும் குத்தினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, உரலுக்கடியில் சாக்கைப் போட்டுக்கொண்டு. அரிசியைத் துணிக்குழாயில் அடைத்து இடுப்பைச் சுற்றிக் கட்டி, ஆறேழு மாசக்காரி மாதிரி நடந்து பஸ் ஏறினார்கள். நாலாவது தடவை பகவதி மாட்டிக்கொண்டாள். சேவகன் ஒருவன் கையைப் பிடித்து இழுக்க, குழாய் அவிழ்ந்து அரிசி காலைச் சுற்றிக் கொட்டிவிட்டது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பேச்சித்தாய் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் கிளம்பிப் போயிற்று. அவள் இறங்கியிருந்தால் அவளும் மாட்டியிருப்பாள் என்பது பகவதிக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அந்தத் திரும்பின கழுத்து அவள் நினைவில் தங்கிவிட்டது.

பொம்பளை மேல் கைவைத்தான் என்று சேவகனைச் சுற்றுவட்டாரத்து ஆண்கள் அடிக்க வந்ததால், பெண்களைச் சோதிக்க ஒரு பெண் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. யாரும் முன்வரவில்லை. இன்ஸ்பெக்டர் ஜெபசீலன் பகவதியை வரச்சொன்னார். நாசரேத்துக்காரர், வெள்ளைக் கால்சட்டையில் மடிப்புக் கலையாமல் இருப்பவர். கேஸை எழுதிய காகிதத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு, "ஜெயிலுக்குப் போறியா, வேலைக்கு வாரியா?" என்று கேட்டார். "எங்கெங்க ஒளிச்சு வைப்பாங்கன்னு ஒனக்குத்தான் தெரியும்." பகவதி வேலைக்கு வருவதாகச் சொன்னாள். பயம்தான் காரணம். ஆனால், வன்னியபெருமாளின் லாரிகளும் அந்தச் சாவடி வழியாகத்தானே போக வேண்டும் என்றும் உள்ளுக்குள் ஒரு எண்ணம் ஓடியது. முதல் நாளே அந்த எண்ணம் அடங்கிவிட்டது. லாரி தூரத்தில் வரும்போதே ரோட்டுக்குக் குறுக்கே கட்டிய மூங்கில் உயர்ந்துவிடும். லாரியை யாரும் தடவிப் பார்க்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த எட்டாம் நாள் பேச்சித்தாய் வந்தாள். பிள்ளை பெற்று மூன்று மாசம் ஆகியிருந்தது. பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, இல்லாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்று பகவதியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நீதானே இருக்கிறாய் என்கிற சிரிப்பு. பகவதிக்குப் பின்னால் ஜெபசீலன் நின்றுகொண்டிருந்தார். பகவதியின் கை சேலைக்குள் போயிற்று, துணிக்குழாய் தட்டுப்பட்டது. அதைத் தைத்த நூலே பகவதி வீட்டு நூல்தான். "இருக்கு" என்றாள். இன்ஸ்பெக்டருக்குப் பயந்துதான் சொன்னதாகப் பிறகு தனக்கே பலமுறை சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த வார்த்தை வாயிலிருந்து வெளிவந்தபோது, பஸ் ஜன்னலில் திரும்பின கழுத்துக்குப் பதில் சொன்ன மாதிரி ஒரு நிம்மதி வந்ததே, அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பேச்சித்தாய் பதினோரு நாள் சப்-ஜெயிலில் இருந்தாள். மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் கண்டு, வெளியே வரும்போது பால் வற்றிப்போயிருந்தது. பிள்ளை கஞ்சித் தண்ணியில் பிழைத்துக்கொண்டது. ஊரில் பகவதி தண்ணீர் எடுக்கப் போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போனார்கள். ஒருநாள் வாசல் தெளித்திருந்த இடத்தில் யாரோ சாணியும் தலைமயிரும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவள் புருஷன் வெள்ளத்துரை அதை மண்வெட்டியால் அள்ளி எறிந்துவிட்டு வந்தான். "எவன் வயலுக்கும் என்னக் கூப்பிட மாட்டேங்கான். ஒன் கையால ஆக்குன சோறுகூட எனக்கு எறங்க மாட்டேங்கு" என்றான். அதற்கப்புறம் அவளிடம் அதிகம் பேசுவதில்லை.

ஜெயிலிலிருந்து வந்த மாசமே பேச்சித்தாய் மறுபடியும் அரிசி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டாள். வாரா வாரம் வந்து கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். பகவதி தொடாமல் விடுவாள். மற்றவர்களையும் இரண்டுக்கு ஒன்றாக விட்டுக்கொண்டுதான் இருந்தாள். யாரும் அவளைப் பற்றி அதற்காக ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. தப்பித்தவர்கள், அவள் பயந்துபோய்த்தான் விட்டாள் என்று நினைத்தார்கள். பிடிபட்டவர்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

அன்றைக்கு ஒன்பது பேரையும் பார்த்து முடித்து, "ஏறுங்க" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஜெபசீலனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கண்டக்டர் ஆறுமுகநயினார் வாயில் வைத்திருந்த விசிலை எடுத்துவிட்டார்.

"ஒருத்தரும் ஏறாதீங்க. திரும்பி வரிசையில நில்லுங்க" என்றார் ஜெபசீலன். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பகவதியின் முகத்துக்கு நேரே ஆட்டினார். "மொட்டைப் பெட்டிஷன் வந்திருக்கு. நீ தொடாமலே ஆளை விடுதியாமே?"

பகவதி கைப்பட்டையின் ஊக்கை அழுத்திவிட்டாள்.

"நான் இங்கன நின்னு பாக்கேன். மொதல்லருந்து பாரு."

முதலில் நின்றவள் ஜெயசெல்வி என்ற சின்னப் பெண். தோளில் கைப்பிள்ளை. பிள்ளைக்கு அடியில் நாலாக மடித்த போர்வை. பகவதி முதல் தடவையே அந்தப் போர்வையின் கனத்தைப் பார்த்திருந்தாள். ஜெபசீலனும் இப்போது பார்த்தார். பிள்ளையைத் தாயிடமே விட்டுவிட்டுப் போர்வையை மட்டும் வாங்கிப் பிரிக்கச் சொன்னார். பகவதி முடிச்சை அவிழ்த்தாள். மூன்று படி இருக்கும். புதுநெல் அரிசி, முனை முறியாமல், தேரி மணலின் சிவப்பில் வெள்ளையாகச் சரிந்தது. பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தது.

"ஐயா, எங்க வீட்டுக்குத்தாய்யா. எங்க அக்கா வாக்கப்பட்டு அங்கன இருக்கா. ரேஷன்ல மக்கின அரிசியும் மைலோச் சோளமும் போடுதாங்கய்யா. தின்னா வயித்தால போவுது."

"அந்த மக்கின அரிசியும் இல்லாம அங்க க்யூவுல ஆயிரம் பேரு நிக்கான்" என்றார் ஜெபசீலன். குரலை உயர்த்தவில்லை. "நீங்க ஆளுக்கு மூணு படி கொண்டுபோயி காசுள்ளவன் வீட்டுல குடுத்துட்டா, இல்லாதவன் எதத் திம்பான்? ஒரு நாளாவது அத யோசிச்சீங்களா?" அவர் அதை நம்பித்தான் சொன்னார். தினமும் நூறு பேரிடம் சொல்லிச் சலித்த குரல் அது. "அடுத்த ஆளு."

பேச்சித்தாய் நாலாவதாக நின்றாள். இந்தத் தடவை கைகளைத் தூக்கவில்லை. வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் கோர்த்து வைத்துக்கொண்டு, பகவதியைப் பார்க்காமல் மணலில் கிடந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு காய்ந்திருந்தது. இரண்டாவது கேஸ் என்றால் பதினோரு நாளோடு போகாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் லாரிச் சத்தம் கேட்டது. வன்னியபெருமாளின் லாரி மேட்டில் ஏற முடியாமல் முனகிக்கொண்டு வந்தது. தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். பின் சக்கரங்கள் மண்ணோடு மண்ணாக நசுங்கியிருந்தன. சேவகன் வழக்கம்போல எட்டத்திலேயே பார்த்துவிட்டுக் கயிற்றை இழுத்தான். மூங்கில் உயர்ந்தது. டிரைவர் மரியான் ஜன்னல் வழியே கையை வெளியே நீட்டிச் சலாம் வைத்தான். ஜெபசீலன் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பகவதி தட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். சேவகன் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினாள். அவன் "ஏளா, ஏளா" என்று கத்துவதற்குள் மூங்கில் சடாரென்று இறங்கி லாரியின் முன்மூடியில் மோதி நின்றது. மரியான் பிரேக்கை மிதித்தான். பஸ்ஸில் இருந்த ஆண்கள் எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள்.

"ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" ஜெபசீலன் ஓடிவந்தார். "பர்மிட் உள்ள வண்டி!"

"பர்மிட்டு எத்தன மூடைக்குன்னு கேளுங்கய்யா."

"அது ஒன் வேலை இல்ல. நீ பொம்பளைங்கள மட்டும் பாரு."

"இதுவும் வயித்தத் தள்ளிக்கிட்டுத்தான வருது. பாத்தாத் தெரியலயா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "கேட்டதுல என்ன தப்பு? எண்ணிப் பாருங்க சார்" என்றார். பின்னாலிருந்து இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்துகொண்டன. ஜெபசீலனின் கழுத்து சிவந்தது. மரியானிடம் கையை நீட்டினார். மரியான் கொடுத்த காகிதத்தில் நாற்பது மூட்டை என்று எழுதியிருந்தது.

"எதுனாலும் மில்லு அண்ணாச்சிகிட்ட பேசிக்கிடுங்க சார்" என்றான் மரியான் மெதுவாக. "நான் ஓட்டுறவன்."

"தார்ப்பாய அவுருடே" என்றார் கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர். அவிழ்த்தார்கள்.

பகவதி லாரியின் பின்பலகையில் ஏறி நின்று சத்தம்போட்டு எண்ணினாள். பன்னிரண்டு, பதிமூன்று. சேவகர்கள் இரண்டு பேரும் மேல்வரிசை மூட்டைகளைப் புரட்டிப் போட்டார்கள். இருபத்தெட்டு. முப்பது. கண்ணை உயர்த்தியபோது, அந்த உயரத்திலிருந்து ஓலைத்தட்டிக்குப் பின்பக்கம் அவளுக்கு மட்டும் தெரிந்தது.

பெண்கள் மணலில் குனிந்து கொட்டிக்கிடந்த அரிசியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மணலோடு சேர்த்துத்தான் அள்ளினார்கள். பேச்சித்தாய் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அள்ளி முடித்ததும் அவள் தலையை அசைத்தாள். ஒருத்தி பின்னால் ஒருத்தியாகப் பனைகளுக்கு நடுவே தேரி மணல்மேட்டில் ஏற ஆரம்பித்தார்கள். ஜெயசெல்வி பிள்ளையின் வாயை மார்போடு அழுத்திக்கொண்டிருந்தாள். மணலில் கால் புதைந்து அவர்களால் வேகமாகப் போக முடியவில்லை. மேட்டைக் கடந்து மறைய இன்னும் நேரம் ஆகும்.

ஒரு கணம் பகவதிக்கு வயிறெரிந்தது. இத்தனை பேருக்கும் சேர்த்துத்தானே நான் இங்கே ஏறி நிற்கிறேன், ஒருத்தியாவது பக்கத்தில் வந்து நிற்கக்கூடாதா? பேச்சித்தாய் இந்த முறையும் முதுகைக் காட்டிக்கொண்டு போகிறாளே. 'அங்கன பாருங்க' என்று ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"முப்பத்தி எட்டு... முப்பத்தி ஒம்பதா, எட்டா?" என்று நிறுத்தினாள். "தப்பிப் போச்சு. அய்யா, இவன் புரட்டுனதுல கணக்கு விட்டுப்போச்சு. மொதல்லருந்து எண்ணணும்."

"மறுபடியுமா?" என்றார் ஜெபசீலன்.

"பொறவு யாரும் குறை சொல்லக்கூடாது பாருங்க. ஒண்ணு."

இரண்டாவது தடவை மெதுவாக எண்ணினாள். ஒவ்வொரு மூட்டையையும் தட்டினாள். ஒரு மூட்டையின் தையலைக் காட்டிச் சேவகனிடம் சண்டைபோட்டாள். கூட்டத்தில் இருந்தவர்களையும் கூடவே எண்ணச் சொன்னாள். அவர்கள் கோயில் கொடையில் கூவுகிற மாதிரி சேர்ந்து கூவினார்கள். அறுபத்தொன்றில் வந்து முடிந்தது. தேரி மேட்டில் பனைகள் மட்டும் நின்றன.

அறுபத்தொன்று என்று ஜெபசீலன் காகிதத்தில் எழுதிக்கொண்டார். "மிச்ச மூட்டைக்கு வேற பர்மிட் ஆபீஸ்ல இருக்கும். நான் விசாரிச்சுக்கிடுதேன்" என்று கூட்டத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, மூங்கிலைத் தூக்கச் சொன்னார். யாரோ தூவென்று துப்பினார்கள். லாரி போயிற்று. அவர் தட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். அரிசி கொட்டிய இடத்தில் விரல்கள் வழித்தெடுத்த தடம் மட்டும் இருந்தது.

திரும்பி வந்து பகவதியின் கையிலிருந்த பட்டையை ஊக்கோடு பிடித்து இழுத்தார். ஊக்கு சதையில் கீறிக்கொண்டு வந்தது.

"வேணும்னே செஞ்சிருக்க."

"எண்ணச் சொன்னேன். எண்ணினீங்க. அறுபத்தொண்ணு இருந்துச்சு" என்றாள் பகவதி.

"நாளையிலருந்து வராத. இப்பவே தூத்துக்குடி ஆபீஸுக்குப் போயி ரேகை வச்சுட்டு நில்லு. ஒன் பழைய கேஸ் இன்னும் என் மேஜையிலதான் கெடக்கு."

பஸ்ஸில் ஏறப் போனாள். ஆறுமுகநயினார் படியை மறித்துக் கையை வைத்துக்கொண்டார். "எடமில்ல" என்றார். ஒன்பது சீட்டு காலியாகக் கிடந்தது. "எடமில்லன்னா இல்லதான். இந்த வண்டியில எத்தன பொம்பளைங்கள எறக்கி அழவச்சிருக்க?" பஸ் கரிப்புகையை அவள்மேல் விட்டுவிட்டுப் போயிற்று.

பகவதி கிழக்கே நடந்தாள். பழைய பாதை, காலுக்குத் தெரிந்த பாதை. தலையில் பெட்டி இல்லாததால் நடையே தன்னுடையது மாதிரி இல்லை. கையில் கீறின இடம் வியர்வை பட்டு எரிந்தது. ரேகை வைக்கப் போனால் பழைய கேஸில் அப்படியே பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள் என்று நினைத்தாள். போகாவிட்டால் வீட்டுக்கு வருவார்கள். வெள்ளத்துரை என்ன சொல்லுவான் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லமாட்டான் என்று தோன்றியது.

கோரம்பள்ளம் குளக்கரை தெரிகிற இடத்தில், உடைமர நிழலில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயசெல்வி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து, முந்தானையில் கிடந்த அரிசியிலிருந்து சிவப்பு மணலை ஊதி ஊதிப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலில் அவளைப் பார்த்தவள் அருகில் இருந்தவளைத் தொட்டாள். உடனே எல்லாக் கைகளும் வயிற்றை மூடிக்கொண்டன. ஒருத்தி பாக்கியில்லாமல் எழுந்துவிட்டார்கள்.

"நான் ஆபீஸுக்குப் போறேன்" என்றாள் பகவதி, தூரத்திலேயே நின்றபடி. "வேல போயிட்டு."

ஜெயசெல்வி மட்டும் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பேச்சித்தாய் அவள் தோளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டாள்.

"நீ லாரிக்காரனோட மல்லுக்கு நின்னது எங்களுக்காகன்னு சொல்லிராத" என்றாள் பேச்சித்தாய்.

"சொல்லல."

"எம் பிள்ளைக்குப் பல்லு மொளைக்க வயசாச்சு. இன்னும் தலை நிக்கல. தெரியுமா?"

பகவதிக்குத் தெரியாது. அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

பேச்சித்தாய் குனிந்து பாதையில் கிடந்த ஒரு கல்லை எடுத்தாள். உள்ளங்கை நிறையும் கல். மற்றவர்கள் முன்னால் நடந்துவிட்டார்கள். அவளும் திரும்பி நடந்தாள். பகவதி இருபது அடி தள்ளி அவர்கள் பின்னால் போனாள். அவர்கள் நின்றால் அவளும் நின்றாள், நடந்தால் நடந்தாள். குளக்கரை முடிந்து உப்பளங்கள் தொடங்கின. அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருந்த உப்பில் வெயில் பட்டுக் கண் கூசியது. கடற்காற்று எதிரே அடித்தது. கடைசியில் நடந்துகொண்டிருந்த பேச்சித்தாய் அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொண்டாள். கல்லை எறியவும் இல்லை, கீழே போடவும் இல்லை. ஒரு கையில் கல்லும் மறு கையில் அரிசி கட்டிய வயிறுமாக அவள் போய்க்கொண்டிருந்தாள்.